ஏழு இருபதுக்குத் தெளிவாகத் திட்டினார்

எப்பக்கா நாற்காலியிலிருந்து எழுவது இரண்டு தவணைகளில் நடக்கும். முதலில் என் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுவார். எதையோ மறந்துவிட்டு யோசிப்பவர்போல அப்படியே கொஞ்சம் நிற்பார். பிறகு மீதி எழுவார். இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டுபோயிருக்கிறது. முழங்கால்வரை இறுக்கமான காலுறை போட்டிருப்பார். மதியத்துக்கு மேல் அதன் விளிம்பு சதையில் பதிந்து வளையம்போலத் தெரியும்.

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. முப்பத்தோரு வருடமாக நர்ஸ். அதில் கடைசி ஒன்பது வருடம் இந்த அவசரப் பிரிவின் வாசலில். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்துக்கும் என் பதிவு கவுன்டருக்கும் நடுவில் அவருடைய நாற்காலி. வாய் கோணி, ஒரு கை ஒரு கால் விழுந்து வருகிறவர்களின் சொந்தக்காரர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"கடைசியா எப்போ நல்லா இருந்தார்?"

ஒரு நாளில் இருபது தடவை இதைக் கேட்பதால், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அவருக்கு எப்பக்கா என்று பெயர் வைத்தார். பதிலுக்கு அக்கா அவருக்கு லாரி என்று பெயர் வைத்தார். கூட்டத்தை விலக்க வாயாலேயே ஹாரன் அடிப்பார் அவர். இரண்டு பெயர்களும் நிலைத்துவிட்டன.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்தால் அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால் பலனைவிட மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்துதான் அதிகம். வாதம் எந்த நிமிடத்தில் வந்தது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. வந்தவருக்குப் பேச்சு இருக்காது. ஆகவே கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள்.

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. பதில் சொல்கிறவர்கள்தான் எங்கெங்கோ போய்விடுவார்கள்.

"நல்லாத்தாங்க இருந்தார், ஒரு தலைவலின்னு படுத்ததில்லை."

"போன மாசம்கூடச் செக்கப் பண்ணினோம் சிஸ்டர்."

ஒரு அம்மாள், கணவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்க, அழுகைக்கு நடுவில் இப்படிச் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா இருந்ததா அவங்க அம்மா சொல்லுவாங்க. நான் பார்க்கலை." லாரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எப்பக்கா சிரிக்கவில்லை. "சரிம்மா, இன்னிக்குக் காலையில?" என்றார்.

மணி கேட்டால் மனிதர்கள் பதறுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பொருள்களைக் கேட்பார். டிவியில் என்ன ஓடியது, துவைத்த துணி காய்ந்திருந்ததா, வெயில் எந்த ஜன்னலில் இருந்தது, பால் பொங்கி முடிந்ததா. ஈரத்துணியிலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் அவர் ஒரு மணியை வெளியே எடுப்பதை மூன்று வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சில நாள் இரண்டு நிமிடம் ஆகும். சில நாள் ஆறு.

ஆரம்பத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. ஒரு மழைநாளில், கூட்டம் இல்லாதபோது, ஆறிய டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு டெய்லர் வந்தார். அவர் பொண்டாட்டிகிட்ட எப்போன்னு கேட்டேன். ஒன்பது மணின்னு சொல்லிச்சு. எழுதிக்கிட்டேன். ஊசி போட்டாங்க. ரெண்டாம் நாள் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போயிட்டார்."

ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்புறம் அந்தப் பொண்ணு இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தப்ப பேச்சோட பேச்சாச் சொல்லுது, 'ஒன்பது மணிக்கு எழுப்பப் போனேன், எழுந்துக்கலை'ன்னு. எழுப்பப் போன மணிப்பா அது. நல்லா இருந்த மணி முந்தின நாள் ராத்திரி. அது பொய் சொல்லலை. நான் கேட்டது ஒண்ணு, அது பதில் சொன்னது வேற ஒண்ணு. எல்லாரும் அப்படித்தான். எப்போ பார்த்து அதிர்ந்தாங்களோ, அந்த நிமிஷம்தான் அவங்க மண்டையில நிக்கும்."

"உங்க மேல தப்பு இல்லையேக்கா."

"ஃபாரத்துல தப்பு இல்லை" என்றார். காலிக் காகித டம்ளரைக் குப்பைக்கூடையில் போட்டார்.

சென்ற வருடக் கடைசியில் எங்கள் பிரிவுக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எப்போதும் தூக்கம் பற்றாத கண்கள். குரலை உயர்த்த மாட்டார். கையில் எந்நேரமும் ஒரு நேரமானி இருக்கும். லாரி ஒரே நாளில் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் பத்து நாள் அவர் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் பின்னாலும் நடந்து குறித்துக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் கதவு திறந்ததிலிருந்து ஊசி ஏறும்வரை எங்கள் ஆஸ்பத்திரியில் சராசரியாக எழுபத்தாறு நிமிடம் ஆனது. என் கவுன்டரில் பதிவு எண் வாங்க ஒன்பது நிமிடம் போகிறது என்று கண்டுபிடித்தார். எண் இல்லாமலேயே ஸ்கேன் எடுக்கலாம், பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒன்பது நிமிடம் மிச்சமாயிற்று. எனக்கு அதில் வெட்கமாக இருந்தது. அந்த ஒன்பது நிமிடமும் இத்தனை வருடம் என் மேஜைமேல்தான் கிடந்திருக்கிறது. ஊசி மருந்து மாடியில் பூட்டிய அலமாரியில் இருந்தது. அதை ஸ்கேன் அறைக்கே இறக்கினார். இன்னொரு பன்னிரண்டு நிமிடம் குறைந்தது. வாசலில் சிவப்பு எண்களோடு ஒரு பெரிய மின்பலகை வைத்தார். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் லாரி அதன் பொத்தானை அழுத்த வேண்டும். எண்கள் ஓடத் தொடங்கும். அதைப் பார்த்தால் நோயாளி இல்லாதவனுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பலகையைப் பார்த்து எல்லோரும் ஓடியதில் சராசரி நாற்பத்தோரு நிமிடத்துக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அப்போதுதான் ஸ்டாப்வாட்சின் பார்வை எப்பக்காவின் நாற்காலிமேல் விழுந்தது.

"சிஸ்டர், உங்ககிட்ட சராசரியா நாலரை நிமிஷம் நிக்குது" என்றார். குற்றம் சாட்டுவதுபோல அல்ல, காய்ச்சல் அளவு சொல்வதுபோல.

"கேள்வி கேட்கிறேன் டாக்டர்."

"கேட்கணும்தான். ஆனா ஸ்ட்ரெச்சர் நின்னுடுதே. ஆம்புலன்ஸ்காரங்களே வர்ற வழியில கேட்டு எழுதிட்டா?"

அப்படித்தான் அந்தப் படிவம் வந்தது. இரண்டு கட்டங்கள். நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ஒன்றில் டிக், சிவப்பு ஸ்டிக்கர், நேராக ஸ்கேன். அதைத் தாண்டியது என்றால் இன்னொன்றில் டிக், மஞ்சள் ஸ்டிக்கர், கண்காணிப்பு அறை. அங்கே வரிசையில் காத்திருந்தால் மாலைக்குள் ஸ்கேன் கிடைக்கும்.

படிவத்தை அறிவித்த கூட்டத்தில் எப்பக்கா டெய்லரைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, ஒருத்தர் செத்ததை வெச்சு நாற்காலியைக் காப்பாத்திக்கிறேன்னு ஆயிடும்ப்பா" என்றார். "அதோட எனக்கும் முடியலை."

முடியவில்லை என்பது உண்மை. கால்களைக் காட்டி ஐந்து வருடமாக இடமாற்றம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பதிலே வந்ததில்லை. இப்போது வாசல் வேலை தேவையில்லை என்றானதும் உத்தரவு பறந்து வந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் கண் பிரிவு. சொட்டு மருந்து விடும் வேலை. உட்கார்ந்தே விடலாம். இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

"அங்க யாரும் அலறிக்கிட்டு ஓடி வரமாட்டாங்க" என்றார் லாரி பொறாமையோடு. "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. நீங்களும் மூடிக்கலாம்."

"மூடிக்கிட்டா சொட்டு மூக்குல விழும்டா."

"மூக்குல விழுந்தாலும் நாலரை மணி நேரக் கணக்கு கிடையாதுக்கா."

எப்பக்கா அன்று நிஜமாகச் சிரித்தார். உத்தரவை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒருநாள் பேருந்து வராததால் அவரை என் பைக்கில் வீட்டில் விட்டேன். இரண்டாவது மாடி. முப்பத்தெட்டுப் படி. பன்னிரண்டாவது படியில் ஒருமுறையும் இருபத்தாறாவதில் ஒருமுறையும் நின்றார். அந்த இரண்டு இடங்களில் மட்டும் சுவரில் சுண்ணாம்பு தேய்ந்து கைத்தடம் பதிந்திருந்தது. உள்ளே சின்னக் கூடம், பால்கனியில் இரண்டு வெள்ளைச் சீருடைகள், சுவரில் நாலு பத்தில் நின்றுபோன கடிகாரம்.

அவர் கணவர் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிகள் வரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் இருபத்தெட்டு வருடம் எழுதியிருக்கிறார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"பேட்டரி போயி அஞ்சு மாசம் ஆச்சு தம்பி. அவ மாத்துவான்னு நானும், நான் மாத்துவேன்னு அவளும். ரெண்டு பேரும் வெளியில நேரம் பார்த்தே அலுத்துட்டோம்."

"நான் மாத்தித் தர்றேன் சார்."

"வேணாம். நாலு பத்து நல்ல நேரம். காபி நேரம்" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமையிலேர்ந்து ரெண்டரைக்கே வந்துடுவியாமே?"

"ஆமா."

"நான் மத்தியானம் தூங்குவேன். பேச்சுக் கொடுக்காதே."

"எனக்கும் தூக்கந்தான் வேணும்" என்றார் எப்பக்கா. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, காலுறையை உருட்டிக் கழற்றினார். கணவர் எழுந்துபோய் ஒரு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். அதற்குப் பழகிய அளவு இருந்தது. ஒரு சொட்டும் தளும்பவில்லை. நான் புறப்பட்டேன்.

அவருக்கு வாசலில் மிச்சமிருந்தது இரண்டு நாள். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்கு ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. லாரி பலகையின் பொத்தானை அழுத்தினார். எண்கள் ஓடத் தொடங்கின.

ஸ்ட்ரெச்சரில் அறுபத்தைந்து வயதுக்காரர். முன்னாள் எலெக்ட்ரீஷியன் என்று மகன் சொன்னான். வலது கை துணிபோலத் தொங்கியது, வலது கால் அசையவில்லை. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொல்ல முயன்று காற்று மட்டும் வந்தது. கூட மகனும் மருமகளும். படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் டிக். நெஞ்சில் மஞ்சள் ஸ்டிக்கர்.

"ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார்" என்று மகன் என்னிடம் பதிவுக்குச் சொன்னான். "நான் காலையில அஞ்சரைக்கே வேலைக்குப் போயிட்டேன். பத்து மணிக்கு இவ ரூமைத் திறந்து பார்த்தா, பேச்சு மூச்சு இல்லாமக் கிடந்திருக்கார்."

இரவு பத்திலிருந்து கணக்குப் போட்டால் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மஞ்சள் சரிதான். லாரி ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்.

எப்பக்கா பாதி எழுந்து நின்றிருந்தார். புதிய ஏற்பாட்டின்படி அவர் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. உட்கார்ந்துவிடலாம். உட்காரத்தான் போகிறார் என்று நினைத்தேன். கவுன்டர் விளிம்பில் அவர் விரல்கள் தளர்ந்தன. பிறகு இறுகின. ஸ்ட்ரெச்சர் அவரைக் கடக்கும்போது அவர் நோயாளியின் முகவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. சவரம் செய்யும்போது கீறினால் ஒட்டுவார்களே, அது. நடுவில் புள்ளியாக ரத்தம் காய்ந்திருந்தது. கன்னம் மழமழவென்று இருந்தது.

"லாரி, கண்காணிப்புக்குப் போகாதே. ஸ்கேன் பக்கம் திருப்பு."

"மஞ்சள் ஒட்டிருக்குக்கா."

"ஒட்டினது நானா? திருப்பு. நிக்காதே, போய்க்கிட்டே இரு."

வாசலிலிருந்து ஒரு தாழ்வாரம் போய் இரண்டாகப் பிரியும். இடதுபுறம் கண்காணிப்பு அறை. வலதுபுறம், இன்னும் தூரத்தில், ஸ்கேன். லாரி வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு வலதுபுறம் திருப்பினார். எப்பக்கா ஸ்ட்ரெச்சரின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. படிவம் இன்னும் என் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"அப்பா எப்போ ஷேவ் பண்ணுவார் தம்பி?"

"காலையிலதான். எழுந்ததும்."

"ராத்திரி பண்ணுற வழக்கம் உண்டா?"

"கிடையாது. நேத்து தாடியோடதான் இருந்தார்" என்ற மகன், அதைச் சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப இன்னிக்கு எழுந்திருக்கார். அந்தக் கையாலேயே பண்ணிருக்கார். எத்தனை மணிக்கு?"

"தெரியாதுங்க. நான் வீட்டிலேயே இல்லை."

எப்பக்கா ஸ்ட்ரெச்சரின் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த மருமகளைப் பார்த்தார். அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

"நீ காலையில மாமாவைப் பார்த்தியாம்மா?"

"பார்க்கலை."

"ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை சிஸ்டர், மூணு வாரமா" என்றான் மகன். "அவர் ஹாலுக்கு வந்தா இவ சமையலறைக்குப் போயிடுவா."

"தம்பி, நீ முன்னாடி போயி ஸ்கேன் ரூம் கதவைத் தட்டு" என்றார் எப்பக்கா. கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவன் ஓடினான். அவர் குரலைத் தாழ்த்தினார். மூச்சு வாங்கியது. "பார்க்கலைன்னா பரவாயில்லை. சத்தம் கேட்டியா?"

அவள் தலை குனிந்தாள். தாழ்வாரம் பாதி முடிந்திருந்தது.

"நான் உன் மாமியார் இல்லைம்மா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கேட்டியா?"

"திட்டினார்" என்றாள் அவள்.

"யாரை?"

"என்னைத்தான்."

"எப்படித் திட்டினார்? தெளிவாத் திட்டினாரா? வார்த்தை குழறிச்சா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவள் வாழ்க்கையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"தெளிவாத்தான். எப்பவும்போல. 'வேன் வந்து நிக்குது, இப்பதான் மகாராணி சீப்பைத் தேடுறாங்க'ன்னு."

"முழுசா அப்படியே சொன்னாரா?"

"முழுசா. அப்புறம் கதவை ஓங்கிச் சாத்தினார்."

"என்ன வேன்?"

"பாப்பாவோட ஸ்கூல் வேன். ஹாரன் அடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

"அது எத்தனை மணிக்கு வரும்?"

"ஏழு இருபது. இன்னிக்கும் ஏழு இருபதுக்குத்தான் வந்துச்சு. டிரைவர் போன்ல மிஸ்டு கால் கொடுத்தார்." அவள் கைபேசியை எடுத்தாள். அவசரத்தில் அழுத்தியதால் திரை இரண்டு தடவை திறக்கவில்லை. மூன்றாவது தடவை திறந்தது. ஏழு இருபத்தொன்று.

"எழுதுப்பா" என்றார் என்னிடம். நடந்துகொண்டே, படிவத்தை உள்ளங்கையில் வைத்து, கட்டங்களுக்குக் கீழே எழுதினேன். கடைசியாக நன்றாக இருந்த நேரம்: ஏழு இருபது. அறிந்த விதம் என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் நிமிர்ந்தேன்.

"திட்டினார்னு எழுது. தெளிவாத் திட்டினார்."

ஸ்கேன் அறை வாசலில் ஸ்டாப்வாட்ச் நின்றிருந்தார். மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு எப்பக்காவைப் பார்த்தார். படிவத்தை வாங்கிப் படித்தார். ஓர் இடத்தில் அவர் புருவம் ஏறியது. எதுவும் கேட்காமல் மஞ்சளைக் கிழித்தார். "ஏழு இருபதுன்னா பதினொண்ணு அம்பது வரைக்கும் இருக்கு. உள்ளே கொண்டு வாங்க."

கதவு மூடியது. மருமகள் சுவரோரம் நின்று அழ ஆரம்பித்தாள்.

"நானும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிட்டேன் சிஸ்டர். 'உங்க வாய் எப்பத்தான் ஓயுமோ'ன்னு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு. அவருக்குக் கேட்டிருக்கும்."

எப்பக்கா ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது. "அதை நாங்க எழுதலை" என்றார்.

ரத்தக் கசிவு இல்லை, கட்டிதான் என்று ஸ்கேன் சொன்னது. பதினொன்று ஒன்பதுக்கு ஊசி ஏறியது. பலகை இருபத்தேழு நிமிடத்தில் நின்றது. அதுவரை எங்கள் ஆஸ்பத்திரியில் அவ்வளவு குறைவாக யாருக்கும் நின்றதில்லை. லாரி அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் நோயாளியின் கால் அசைந்தது. வாய் கொஞ்சம் நேரானது. கை வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். எலெக்ட்ரீஷியனுக்குக் கைதான் எல்லாம். சவரம்கூட இனி யாராவது செய்துவிட வேண்டியிருக்கும். மருமகள் வாசலுக்கு வந்து எப்பக்காவிடம் சொன்னாள்: "கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ரெண்டு வார்த்தை. புரியலை."

"திட்டின மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் அவள். முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கோ நின்றது.

அது சனிக்கிழமை. அக்காவுக்கு வாசலில் கடைசி நாள். பகல் ஒன்றரைக்கு ஸ்டாப்வாட்ச் என் கவுன்டருக்கு வந்து சாய்ந்து நின்றார். அவர் முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்பது சட்டையில் தெரிந்தது.

"சிஸ்டர், நேத்து அந்தக் கேள்விகளைக் கேட்க எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"வாட்ச் உங்ககிட்டதானே இருக்கு."

"பார்த்தேன். லாரி வழக்கமா தாழ்வாரத்தைக் கடக்க ஆகிற நேரந்தான் ஆச்சு. நீங்க கேட்டதுக்குன்னு தனியா ஒரு நிமிஷம்கூட ஆகலை." அவர் தொண்டையைச் செருமினார். "நான் கேள்வியை எடுத்தேன். எடுக்க வேண்டியது நாற்காலியை."

லாரி என்னைப் பார்த்தார். நான் எப்பக்காவின் கால்களைப் பார்த்தேன்.

"அதாவது, ஸ்ட்ரெச்சர் வாசல்லேர்ந்து கிளம்பும்போது நீங்களும் கூடக் கிளம்பணும். நடந்துக்கிட்டே கேட்கணும். எல்லாருமே ஸ்கேன் பக்கந்தான். மஞ்சள் சிவப்பு எல்லாம் அங்க போயி முடிவு பண்ணிக்கலாம். உங்களுக்குக் கண் பிரிவு உத்தரவு வந்திருக்குன்னு தெரியும். கட்டாயப்படுத்தலை."

"ஒரு நடை முன்னூறு அடி" என்றார் எப்பக்கா. "போயிட்டுத் திரும்பி வரணும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து பேர்."

"தெரியும்."

"நீங்க குறைக்கிற நிமிஷமெல்லாம் என் கால்லேர்ந்துதான் போகுது டாக்டர்."

டாக்டர் குனிந்து அந்தக் காலுறைகளைப் பார்த்தார். மறுக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

எப்பக்கா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த உத்தரவை எடுத்தார். பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "இது இங்கேயே இருக்கட்டும். தொலைச்சிடாதே." பிறகு டாக்டரிடம் திரும்பினார். "மூணு மாசம். அதுக்குள்ள வேற யார் காலையாவது பாருங்க. அவங்களுக்கு எப்படிக் கேட்கணும்னு எழுதித் தர்றேன். ரெண்டு கட்டத்துல அடங்காது, சொல்லிட்டேன். அப்புறம் எனக்கு மெத்துன்னு ரெண்டு ஜோடி செருப்பு வேணும்."

"மூணு ஜோடியா வாங்கித் தர்றேன்."

"ரெண்டு போதும். கால் ரெண்டுதானே."

அவர் போனதும் எப்பக்கா கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். நான் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஆனால் இரண்டு அடி தூரத்தில் எதுதான் காதில் விழாது.

"நான்தான்... சாப்பிட்டீங்களா?... இல்ல, திங்கட்கிழமை வர முடியாது... கண் பிரிவு இப்ப இல்லை... அவங்க வேண்டாம்னு சொல்லலை, நான்தான்..."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. இருபத்தெட்டு வருடம் பேருந்து நிலைய இரைச்சலை மீறிப் பேசிய குரல். வார்த்தைகள் தனித்தனியாக என் வரைக்கும் வந்தன. கால், படி, மூளை, பிடிவாதம், பக்கெட்.

எப்பக்கா கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்து, கண்ணை மூடி, முழுவதையும் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து வாசல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு அம்பது" என்றார், என்னைப் பார்த்து அல்ல. "தெளிவாத்தான் திட்டுறார்."

வெளியே ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. அவர் கவுன்டர் விளிம்பைப் பிடித்துப் பாதி எழுந்தார்.